ஒரு சுழி குறைகிறது

அத்தியாயம் 4

மூன்று பழைய இரும்புக் கடைகளைச் சல்லடை போட்டுச் சலித்தாகிவிட்டது. தேடிய தகரத் துண்டு கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் துரு. லொள்ளுவின் சட்டை, முழங்கை, மூக்கு நுனி என்று பாரபட்சம் இல்லாமல் எல்லா இடத்திலும் அது உட்கார்ந்திருந்தது.

"அக்கா, இப்படியே வீட்டுக்குப் போனா எங்கம்மா என்னை எடைக்குப் போட்டுட்டு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கிடுவாங்க."

"உனக்கு பக்கெட்டா? மூடி கூடத் தேறாது. நட."

அக்கா என்பது உறவுமுறை இல்லை, பட்டம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் இடிபட்ட வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, எது எதில் மோதியது என்று எழுதிக் கொடுத்தவள். வேலையை விட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும், எதைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கும் பழக்கம் அவளை விடவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் லொள்ளுவின் தலையைத் தட்டிப் பார்த்து "காலி" என்றாள். அன்றே அவனுக்கு அவளைப் பிடித்துப்போனது. அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அவனே அதை மறந்து பல வருஷம் ஆகிறது.

"எங்க போறோம்?"

"மீட்டர்காரர் வீட்டுக்கே. முதல்லயிருந்து கேக்கணும். நாம எதையோ கோட்டை விட்டுட்டோம்."

மீட்டர்காரர் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் எண்களைக் குறித்துக்கொண்டு வந்தே ஓய்வு பெற்ற மனிதர். ஓய்வு பெற்றதும், கொட்டகையில் வருஷக்கணக்காகத் துருப்பிடித்துக் கிடந்த தன் பழைய காரைத் தூக்கி நிறுத்தப் புறப்பட்டார். நான்கு வருஷம் அதிலேயே கழிந்தது. முக்கால்வாசி முடித்துவிட்டு, ஒரு மதியம் கொட்டகையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

கொட்டகை வீட்டை ஒட்டியே இருந்தது. கார் பாதி கல்யாண மாப்பிள்ளை, பாதி ஆஸ்பத்திரி நோயாளி. முன்பக்கமும் நான்கு கதவுகளும் பால் நிறத்தில் பளபளத்தன. பின்பக்கத்தில் சாம்பல் நிற பிரைமர் அடிப்பூச்சும் துருவும் தெரிந்தன. கழற்றி எடுத்த பாகங்கள் சுவரில் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் ஒரு நம்பர், பக்கத்தில் ஒரு வேலைக் குறிப்பு. '10 – தட்டு.' '11 – ஒட்டு.' டிக்கி மூடியில் மட்டும் 'ஒன்பது – அறு.'

மீட்டர்காரரின் மனைவி இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து, ஈரத் துணியால் துடைத்துப் போட்டார். லொள்ளு உட்கார்ந்தான். ஏதோ எடுக்க எழுந்தான். திரும்புவதற்குள் அந்த நாற்காலி மறுபடி துடைக்கப்பட்டிருந்தது.

"அசையாம நில்லுடா," என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டான். "உன்னையும் துடைச்சிடுவாங்க."

"அம்மா, இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள் அக்கா. "கதையா இல்ல. கண்ணால பார்த்ததை மட்டும்."

அம்மாள் துணியை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். அந்தத் துணி அவர் கையை விட்டுப் போனதை இதுவரை லொள்ளு பார்க்கவில்லை.

"என் பொண்ணுக்கு எட்டு வயசு முடியல. இந்த வண்டி அப்பத்தான் வாங்கினது. பின்கதவுல ஆணியை வச்சு ஒரு படம் கீறிட்டா. ஒரு கார். அதுக்குள்ள மூணு தலை. நடுவுல ரெட்டைச் சடை, அது அவ. பின்னாடி குபுகுபுன்னு புகை. புது வண்டியைப் பாழ் பண்ணிட்டியேன்னு அவங்கப்பா கத்தினாரு. அடுத்த வாரம் காய்ச்சல் வந்துச்சு. நாலே நாள்தான்."

லொள்ளு தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

"வண்டியைக் கொட்டகையில விட்டுட்டோம். வருஷம் ஆக ஆக, அவ கீறின கோடு மேலேயே துரு பிடிச்சுது. கோடு மாறாம அப்படியே செவப்பா. அவ திட்டு வாங்கின படத்தைத் துரு திரும்ப வரைஞ்ச மாதிரி. இவரு வண்டி வேலையை ஆரம்பிச்சப்ப, நான் ஒண்ணுதான் கேட்டேன். எந்தத் துருவை வேணா எடுங்க, அதை மட்டும் விட்டுடுங்கன்னு. சரின்னாரு. அதுக்கு மேல வார்னிஷ் கூடப் பூசி வச்சாரு. நானும் தினம் காலையில வந்து அதைத் துடைச்சிட்டுப் போவேன்."

"அப்புறம்?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள். அவர் நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாரு. அன்னைக்குத் தகரத்தைத் தட்டி ஒட்டுற டிங்கர் வந்து வேலை பார்த்தாரு. நான் காலையிலயே கடைக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா, கதவுல படம் இருந்த இடத்துல ஓட்டை. இந்தப் பக்கத்துலயிருந்து பார்த்தா அந்தப் பக்கம் தெரியுது. அதுக்கு மேல சாக்பீஸ்ல அவர் கையெழுத்துல எழுதியிருக்கு. 'அறு'ன்னு."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். 'ஆமா, நான்தான் அறுக்கச் சொன்னேன். துரு பரவும்'னாரு. தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு. குத்தம் செஞ்சவர் எங்க நிமிர்ந்து பார்ப்பாரு?" அம்மாளின் குரல் ஏறியது. "அன்னையிலிருந்து நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சாப்பாட்டை எடுத்து வச்சிட்டு மூடியை டங்குன்னு தட்டுவேன். வருவாரு, சாப்பிடுவாரு, போவாரு. சாப்பிட வாங்கன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள், கூப்பிட்டதில்ல. கூப்பிடாமலே அனுப்பிட்டேன்."

துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தத் துண்டு வேணும். அதை விட, ஏன் அறுத்தாருன்னு தெரியணும். முப்பத்தஞ்சு வருஷம் கூட வாழ்ந்தவரு, பெத்த பொண்ணைக் குப்பைன்னு நினைச்சு அறுத்துப் போட்டாரா? அந்த நினைப்போடவே நானும் போகணுமா?"

அக்கா எழுந்து சுவரோரப் பாகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். டிக்கி மூடியின் முன் நின்றாள்.

"அந்தக் கதவுல 'அறு'ன்னு இருந்துச்சு. சரி. நம்பர் என்ன இருந்துச்சு?"

"நம்பரா? நம்பர் இல்ல. 'அறு' மட்டும்தான்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"அந்தக் கதவை நான் மறப்பேனா?"

அக்கா லொள்ளுவின் தோளைத் தட்டினாள். "கிளம்பு. டிங்கரைப் பார்க்கணும்."

வழியில் லொள்ளுவால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "என்ன அக்கா கண்டுபிடிச்சீங்க? எனக்கும் ஒரு துண்டு குடுங்க. தகரமா இருந்தாலும் பரவாயில்ல."

"முப்பது வருஷம் மீட்டர் பார்த்த ஆளு. பேனா மூடிக்குக் கூட நம்பர் போடுவாரு. எல்லாப் பாகத்துக்கும் போட்டவரு, அந்தக் கதவுக்கு மட்டும் ஏன் போடல?"

"சாக்பீஸ் தீர்ந்திருக்கும்."

"'அறு'ன்னு எழுத மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

லொள்ளு யோசித்தான். யோசிப்பது அவனுக்குப் பிடிக்காத வேலை. அதனால் டிங்கர் பட்டறை வரும் வரை வாயை மூடிக்கொண்டு வந்தான்.

டிங்கருக்கு ஒரு புருவம்தான் இருந்தது. இன்னொன்றை வெல்டிங் பொறி கொண்டுபோய் வருஷம் பல ஆகியிருக்கும். ஒரு மட்கார்டைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தவர், மீட்டர்காரர் என்ற பேச்சு எடுத்ததுமே சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அவர்தான் அறுக்கச் சொன்னாரு. அறுத்தேன். அவ்வளவுதான்."

"மனப்பாடம் பண்ணின பாட்டு மாதிரி இருக்கே," என்றான் லொள்ளு. "ரெண்டாவது அடியையும் பாடுங்க."

அக்கா கீழே கிடந்த வட்டமான பெயின்ட் டப்பா மூடி ஒன்றை எடுத்தாள். அங்கே கிடந்த சாக்பீஸால் அதில் '6' என்று எழுதி டிங்கரிடம் காட்டினாள்.

"என்ன நம்பர்?"

"ஆறு."

மூடியைத் தலைகீழாகத் திருப்பினாள். "இப்ப?"

டிங்கரின் ஒற்றைப் புருவம் ஒரு முறை துடித்தது.

"கழட்டிப் போட்ட கதவுக்கு ஏது தலை, ஏது கால்? எப்படி வேணா சாத்தி வைப்பாங்க," என்றாள் அக்கா. "அதனால அவர் ரெண்டு நம்பரை மட்டும் எழுத்துல எழுதினாரு. டிக்கி மூடியில 'ஒன்பது'ன்னு இன்னும் இருக்கு. அப்ப இன்னொண்ணு? தொடக் கூடாத படம், அதனால வேலைக் குறிப்பு இல்லாம வெறும் நம்பர் மட்டும் எழுதின கதவு?"

மூடியைத் திருப்பிப் பின்பக்கத்தில் 'ஆறு' என்று எழுதினாள். பிறகு கட்டைவிரலை நாக்கில் தொட்டு, ஆவன்னாவின் கீழே தொங்கிய சுழியை மட்டும் அழித்தாள்.

மூடியில் 'அறு' என்று இருந்தது.

லொள்ளுவுக்கு ஒரு ஜோக் நுனி நாக்கு வரை வந்திருந்தது. அதை முழுங்கிவிட்டான்.

டிங்கர் அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாத்துலயும் தட்டு, ஒட்டு, அறுன்னுதான் எழுதியிருந்துச்சு. இதுலயும் 'அறு'ன்னு இருந்துச்சு. அடியில பார்த்தா ஒரே துரு. அது படம்னு எனக்கு யாரும் சொல்லல. வார்னிஷ் பளபளப்புல நான் கவனிக்கவும் இல்ல. தகரம் அறுக்கிற கிரைண்டரை வச்சு ஒரே இழுப்பு. மத்தியானம் அவர் வந்து பார்த்தாரு. சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும். அப்படியே கீழே உக்காந்துட்டாரு."

"அப்புறம்?"

"அந்த எழுத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாரு. படத்துல புகைன்னு அவர் அப்புறம் காட்டின கோடு மேலேறி வந்து எழுத்தைத் தொடுற இடம். அங்க சுழி இருக்க வேண்டிய எடத்துல ஈரத்துணி இழுத்த தடம். 'காலையில யாராவது வந்தாங்களா?'ன்னு கேட்டாரு. நான் சொன்னேன்." டிங்கர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "அம்மா துணியோட வந்து, துடைச்சிட்டுப் போனாங்கன்னு."

பட்டறைக்கு வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'நான்தான் அறுக்கச் சொன்னேன், தெரிஞ்சுதா? உயிரே போனாலும் மாத்திச் சொல்லாதே. அவ கையாலதான் போச்சுன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. என்னைத் திட்டிக்கிட்டாவது இருக்கட்டும்'னாரு. சத்தியம் வாங்கிட்டுத்தான் விட்டாரு. அதை இன்னைக்கு நீங்க பிடுங்கிட்டீங்க."

"துண்டு எங்க?"

"திருப்பி வெல்டிங் வச்சு ஒட்ட முடியுமான்னு கேட்டாரு. துருப்பிடிச்ச தகடு, நெருப்பு பட்டா பொடிப் பொடியா போயிடும்னேன். சட்டையைக் கழட்டி அதுல சுத்தி எடுத்துக்கிட்டாரு. என்கிட்டயிருந்து பத்து ரிவிட் ஆணி வாங்கி வச்சுக்கிட்டாரு. பத்தே பத்து."

திரும்பும் வழியில் லொள்ளு நடுத்தெருவில் நின்றுவிட்டான்.

"சொல்லக் கூடாதுக்கா."

"சொல்லலேன்னா அவர் கெட்டவராவே போயிடுவாரே."

"சொன்னா? ரெண்டு வருஷம் சோத்துக்கு ஒரு வார்த்தை இல்லாம அந்த மனுஷன் காப்பாத்தின பொய். நாம போய் ஒரு நிமிஷத்துல போட்டு உடைக்கிறதா?"

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஏழு வருஷத்தில் அவன் நகைச்சுவை இல்லாமல் பேசிய முதல் பேச்சு இது. அவன் கண்கள் சிவந்திருந்தன. துரு விழுந்ததால் என்று அவன் சொல்லியிருப்பான், அவள் கேட்கவில்லை.

"சரி," என்றாள் மெதுவாக. "அறுத்தது அவர்தான். காப்பாத்தறதுக்காக அறுத்தாரு. அதோட நிறுத்திக்கலாம். ஆறுங்கற பேச்சே எடுக்கக் கூடாது."

கொட்டகைக்கு வந்ததும் அக்கா காரின் பின்கதவுகளைத் தட்டினாள். வலப்பக்கக் கதவு 'டங்' என்றது. இடப்பக்கக் கதவு, பால் நிறத்தில் ஒரு ஒட்டுக் கூடத் தெரியாமல் பளபளத்த கதவு, 'டொக்' என்றது.

"உள்ள ரெண்டு தகடு இருக்கு," என்றாள்.

லொள்ளு கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியைக் கழற்றினான். கதவின் உள்பக்க அட்டையை நெம்பி எடுத்தான். அம்மாள் அவன் தோளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அட்டைக்குப் பின்னால், புதுத் தகட்டின் மேல், பத்து ரிவிட் அடித்து அந்தத் துண்டு இருந்தது. ஒரு கார், மூன்று தலைகள், நடுவில் ரெட்டைச் சடை. துரு அதற்கு மேல் ஒரு இம்மியும் பரவவில்லை. பின்சீட்டில் எட்டு வயசுப் பிள்ளை உட்கார்ந்தால் தோள் படுகிற உயரத்தில் அதை வைத்திருந்தார்.

அம்மாள் ஒரு சத்தம் போட்டார். அது வார்த்தை இல்லை.

"தூக்கிப் போடலம்மா," என்றாள் அக்கா. "துரு தின்னுடாம இருக்கணும்னு அறுத்து, உள்ள பத்திரமா வச்சிருக்காரு."

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?" என்றபடியே அம்மாள் குனிந்து கிட்டத்தில் பார்த்தார். "இது என்ன, இங்க எழுதியிருக்கு?"

லொள்ளுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்துக்கு மேலே, அழியாத சிவப்பு பெயின்ட்டில் ஒரு வார்த்தை. சுழியை மட்டும் இரண்டு மூன்று முறை தூரிகையை ஓட்டிப் பட்டையாக எழுதியிருந்தார். யாரிடமும் வாய் திறக்க முடியாத மனிதர் தகரத்திடம் சொல்லி வைத்திருக்கிறார்.

ஆறு.

அக்கா ஒரு விநாடிதான் தடுமாறினாள். "உங்களுக்குத்தாம்மா எழுதியிருக்காரு. 'ஆறு'ன்னு. என்னைக்காவது நீங்க திறந்து பார்ப்பீங்க, அன்னைக்காவது உங்க மனசு ஆறட்டும்னு."

அம்மாள் அந்த வார்த்தையை விரலால் தடவினார். "ஆறு," என்றார். "மனசு ஆறு." முகம் இளகியது. இரண்டு வருஷத்துக் கோபம் கண்ணெதிரே இறங்கிப் போவதை லொள்ளு பார்த்தான். தப்பித்தோம் என்று நினைத்தான்.

பழக்கம் அம்மாளை விடவில்லை. ஈரத் துணியை எடுத்துப் படத்தின் தூசியைத் துடைக்கத் தொடங்கினார். கார், சடை, பிறகு புகை. புகைக் கோட்டோடு மேலே ஏறிய துணி, சிவப்புச் சுழியின் அருகே போய் நின்றது.

கை அப்படியே நின்றுவிட்டது.

அம்மாள் மெல்லத் திரும்பிச் சுவரோரத்தைப் பார்த்தார். பத்து. பதினொன்று. டிக்கி மூடியில் 'ஒன்பது'. மறுபடி கதவைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த துணியைப் பார்த்தார்.

"நீங்க நம்பர் கேட்டீங்கல்ல?" என்றார் அக்காவிடம். குரல் மிகச் சின்னதாக இருந்தது. "இந்தக் கதவோட நம்பர் என்ன?"

அக்கா வாயைத் திறந்தாள்.

"டிங்கர் கை பட்டுத்தாம்மா அழிஞ்சுது," என்றான் லொள்ளு அவசரமாக. "அவரே சொன்னாரு. வேர்வைக் கை. தெரியாம பட்டுடுச்சுன்னு சொல்லி அழுதாரும்மா."

அம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. ஏதோ பழைய பொருள் ஒன்றை அடையாளம் கண்டதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"நீயும் தரையைப் பார்த்துக்கிட்டே சொல்றியேப்பா," என்றார்.

லொள்ளு நிமிரவில்லை. நிமிர முடியவில்லை.

அம்மாள் துணியை நான்காக மடித்தார். சுற்றும் முற்றும் பார்த்து, அதைத் தரையில் வைத்தார். காரின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு, முட்டி மடக்கி, உள்ளே ஏறிப் பின்சீட்டில் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்னால் ஓட்டுபவர் இருக்கையைப் பார்த்தார். மீட்டர்காரரின் பழைய வேலைச் சட்டை இன்னும் அதன் மேல் கிடந்தது.

அக்கா லொள்ளுவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். வாசல் வரை போன பிறகும் உள்ளே பேசியது அவனுக்குக் காதில் விழுந்தது. அவரைக் கூப்பிடாமல் இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்த குரல் என்பதால், முதல் வார்த்தை கரகரத்துத்தான் வந்தது.

"ஏங்க... சாப்பிட வாங்க."